மாமா போட்ட ஒரே கோல்

கால்பந்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் அவ்வளவாகத் தெரியாது. எட்டு வயதில் எல்லாம் தெரிந்திருந்தது. கோல் போடுகிறவன் வீரன். மற்றவர்கள் அவன் பின்னால் ஓடுகிறவர்கள். அவ்வளவுதான் என் சட்டம்.

எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த தாய்மாமன் அந்த மற்றவர்களில் ஒருவர். மதுரையில் ஒரு பஞ்சாலை அணிக்கு 'பேக்' ஆடினார். கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிக்கிற வேலை. பேரையூர்ப் பக்கம் மழை பொய்த்த நிலத்தை விட்டு வந்தவருக்கு மில்லில் இடம் கிடைத்ததே அந்தக் கால்களுக்காகத்தான். பூட்ஸெல்லாம் கிடையாது, வெறுங்கால். வருஷக்கணக்காக ஆடியும் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. தெருப் பையன்களிடம் இதனால் எனக்கு நேர்ந்த மானக்கேடு கொஞ்சநஞ்சமல்ல.

"ஒன்னே ஒன்னு போடு மாமா" என்று நச்சரிப்பேன்.

"நான் அங்கிட்டுப் போயிட்டா இங்கிட்டு யாரு மறிக்கிறது? நீ வந்து நிக்கிறியா மாப்ள?" என்பார்.

அந்த வருஷம் அவருடைய வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. அம்மா உளுந்து மாவில் முட்டை குழைத்துப் பற்றுப் போட்டு, பழைய வேட்டித் துணியால் கட்டிவிடுவாள். மில்லில் ஒருவருக்கும் தெரியாது. திண்டுக்கல்காரர்களோடு பந்தயம் நடந்த அன்றைக்கு மாமா கட்டை அவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"கட்டோட போயேன் தம்பி" என்றாள் அம்மா.

"கட்டப் பாத்தா வெள்ளக்காரன் இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான்க்கா. வேற ஒருத்தனப் பாத்து வச்சிருக்காகளாம். இன்னைக்கு மட்டும் செயிச்சுட்டா இந்த வருசம் ஓடிரும்."

மில்லே திரண்டு கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தது. நொண்டுவது தெரியாதபடி மாமா அதிகம் ஓடாமலே மறித்தார். ஒருவனும் அவரைத் தாண்டவில்லை. இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடியப்போகிற நேரம், பந்து அவர் பக்கம் உருண்டு வந்தது. வெளியே உதைக்கத் திரும்பினார், கால் மடங்கியது. பந்து முழங்காலில் பட்டுத் தெறித்து, சொந்தக் கோல்கீப்பரையே தாண்டி, கம்பத்துக்குள் போய் விழுந்தது.

மைதானம் பேச்சற்றுப் போயிற்று. அத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருவனே கத்தினேன்.

"எங்க மாமா கோல் போட்டுட்டாரு!"

"யாரு பெத்த புள்ளடா இது?" என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். நான் ஓடிப்போய், மண்ணில் விழுந்து கிடந்த மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"பாத்தியா மாப்ள?" என்றார்.

"பாத்தேன் மாமா. நட்டநடுவுல போச்சு!"

வெள்ளைக்கார மேனேஜர் தூரத்திலிருந்தே அந்த முழங்காலைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மேஸ்திரி வந்து மாமாவின் காதோரம் குனிந்தார். மாமா தலையை ஆட்டினார்.

வீடுவரைக்கும் என் தோளில் கை போட்டபடியே நடந்து வந்தார். கை கனத்தது. கோல் போட்ட ஒருவர் என்னைத் தன் வயசுச் சோட்டாளாகவே மதித்துவிட்டார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மறுநாள் காலை மில் சங்கு ஊதியது. மாமா எழுந்திருக்கவில்லை, மோட்டுவளையைப் பார்த்தபடி பாயிலேயே கிடந்தார். கோல் போட்டதற்காக மில்லில் லீவு விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. தெருவில் இறங்கி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.