ரோஸ்வித்தா முந்திக் கிளம்பிய ஓட்டம்

எங்கள் கெரா நகரில் ரோஸ்வித்தா கெம்பேயைவிட வேகமாக ஓடியவள் அந்த நாளில் யாருமில்லை. ரிலேயில் முதல் ஆள் அன்னெக்ரெட் லோசே, இரண்டாவது ரோஸ்வித்தா, மூன்றாவது நான். நாடு கிழக்கும் மேற்குமாக இரண்டாகக் கிடந்த காலம்; நாங்கள் கிழக்குப் பக்கம். புடாபெஸ்ட் போட்டிக்காக வெளிநாடு போவது என்றால் ஊரே பொறாமைப்படும்.

அதற்கான தேர்வு ஓட்டத்தில்தான் அது நடந்தது. தடத்தில் ஒட்டியிருக்கும் டேப்பை அன்னெக்ரெட் தொட்ட பிறகுதான் ரோஸ்வித்தா கிளம்ப வேண்டும். பதற்றத்தில் இரண்டு எட்டு முன்னதாகவே பாய்ந்துவிட்டாள். பின்னால் அன்னெக்ரெட் கத்திக்கொண்டே துரத்தினாள். பேட்டன் கோல் கைமாறியபோது, அதை மாற்றிக்கொள்ள வேண்டிய எல்லைக்கோடு தாண்டியிருந்தது. எங்கள் ஓட்டம் செல்லாது என்று நடுவர் கொடியைத் தூக்கினார்.

"யார் தப்பு?" என்று கேட்டார் எங்கள் கோச் ட்ரோமர்.

"அவதான், கோச். கடைசியில காலு ஓஞ்சுபோச்சு அவளுக்கு" என்றாள் ரோஸ்வித்தா.

"பொய்! அவதான் முன்னாடியே ஓடினா!" என்று அன்னெக்ரெட் அழுதாள். ட்ரோமர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் முறைக்காகத் தூரத்து வளைவில் நின்றிருந்த எனக்கு நடந்தது எதுவும் சரியாகத் தெரியவில்லை.

எங்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள்; அதிலும் புடாபெஸ்டிலும் அன்னெக்ரெட்டின் இடத்தில் வேறொருத்தி ஓடினாள். வெண்கலம் வாங்கினோம். அதற்காக அரசாங்கத்திடமிருந்து ரோஸ்வித்தாவுக்குச் சூடான குழாய்த் தண்ணீர் வரும் வீடு கிடைத்தது. மற்றவர்கள் பத்து வருஷம் காத்திருக்கும் கார் இரண்டே வருஷத்தில் வந்தது. அன்னெக்ரெட் நூல் ஆலையில் இரவு ஷிப்டுக்குப் போனாள். குதிகால் தசைநார் அறுந்து இருபத்தாறு வயதில் ஓட்டத்தை விட்ட ரோஸ்வித்தா, பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகி ஓய்வு பெற்றாள். ஆலை வாசல் வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றுவழியில்தான் போவாளாம். இதை அவளே என்னிடம் பிற்பாடு சொன்னாள்.

அறுபத்தெட்டாவது வயதில் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு ஜூலை மாதம் அன்னெக்ரெட்டின் தோட்டத்துக்குப் போனாள். அன்னெக்ரெட் குனிந்து திராட்சைபோல் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் சிவப்புப் பழங்களைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னி, அந்த ஓட்டத்துல நான்தான் முந்திக் கிளம்பினேன்."

"இதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

முதியோர் இல்லத்தில் இருந்த ட்ரோமரிடம் போனாள். தொண்ணூறை நெருங்கிய மனிதர், கேக்கைக் கரண்டியால் நசுக்கிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"தெரியுமே. கோட்டுக்குப் பக்கத்துலதானே நின்னேன்?"

"அப்புறம் ஏன் அவள டீம்லேருந்து தூக்கினீங்க?"

"உன்ன விட்டா வேகமான ஆள் யாரு? பழி ஒருத்தர் மேல விழணும். நீயே அவளக் காட்டிக் குடுத்தே, என் வேலை சுலபமாப் போச்சு. 'நான்தான்'னு நீ சொல்லியிருந்தா என்னால அவள ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, பொண்ணே."

இலையுதிர் காலத்தில் எங்கள் விளையாட்டுச் சங்கத்தின் விழா நடந்தது. வறுத்த சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும் பரிமாறிக்கொண்டிருந்தபோது ரோஸ்வித்தா எழுந்து மைக்கை வாங்கினாள். அறுபது பேர் முன்னால், சுற்றி வளைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. பழைய குண்டெறி வீரர் ஒருவர் மட்டும், "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? சாப்பாடு ஆறுது" என்றார்.

அன்னெக்ரெட் விழாவுக்கு வரவில்லை. மறுநாள் போன் செய்தாள். "கேள்விப்பட்டேன். சொன்னது நல்லது. ஆனா இனிமே என் தோட்டத்துப் பக்கம் வராத, ரோசி."

ரோஸ்வித்தா போகவில்லை. ஒருநாள் டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அன்னிக்கே நான் உண்மையச் சொல்லியிருந்தா அவ புடாபெஸ்ட் போயிருப்பாளா?"

"போயிருப்பா" என்றேன். ஆறுதலுக்காகக்கூட வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.