மாமன் சீராக வந்த லாரிப் பட்டை

எங்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லருக்கு இரும்பு தேர்ந்தெடுத்தவர் அப்பா என்றுதான் ஊரில் பேச்சு. ஒவ்வொரு இரும்பின் மேலும் ஏறிக் குதித்தவள் நான் என்பதை யாரும் சொல்வதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொடைக்கானலுக்கு மேலே, மலைச்சரிவில் எங்கள் பூண்டுக் காடு. மூட்டை சுமந்து சுமந்து அம்மாவுக்குக் கழுத்து திரும்பாமல் போன வருஷம்தான் அப்பா டிரெய்லர் செய்யக் கிளம்பினார். வெல்டிங் பட்டறையில் இரண்டு கல்லுக்குக் குறுக்கே இரும்பைப் போட்டு, நடுவில் என்னைக் குதிக்கச் சொன்னார். எல் வடிவ ஆங்கிள் இரும்பு முறுக்கிக்கொண்டது. கனத்த குழாய் என்னை மதிக்கவே இல்லை. நடுத்தரமான சதுரக் குழாய் ஒன்று மட்டும் லேசாக வளைந்து, நான் இறங்கியதும் நிமிர்ந்துகொண்டது.

“இதுதான் தாயி” என்றார் அப்பா. “கனத்தப் போட்டா எறக்கத்துல வண்டி நம்மளையே தள்ளிரும். இது வளைஞ்சாலும் திரும்பிக்கிருது பாரு.”

மூலையில் கிடந்த பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காட்டி, இது வேண்டாமா என்று கேட்டேன். வெல்டு வைத்தால் சூடு பட்ட இடத்தில் முறிந்துவிடும் என்று பட்டறைக்காரர் சொன்னார். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு இரும்பு சாஸ்திரம் முழுதும் விளங்கிவிட்டது.

மறுநாள் வெள்ளனவே மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், பாலசமுத்திரத்தில் லாரி ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். நாலு வருஷமாக எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். காரணம் என் காதுதான். காதுகுத்து அன்று மலைப்பாதையில் பஸ் நின்றுபோய் மாமா வந்துசேர மதியமாகிவிட்டது. நேரம் போகிறதே என்று அப்பா அவசரப்பட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய என்னைச் சித்தப்பா மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட்டார். மாமா வாசலோடு திரும்பிப் போனார். அதிலிருந்து அம்மா பிறந்தவீட்டைப் பற்றிப் பேசியதில்லை.

டிரெய்லர் செய்யும் செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை. தோளில், மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்த நாலு லாரி ஸ்பிரிங் பட்டை! இரும்பைச் சீராகக் கொண்டுவந்த தாய்மாமனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மா வாசலில் நின்று, ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“லாரியவே தாங்குன இரும்பு மாப்ள. இத வச்சே அடிங்க.”

அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். “இதவிட நல்ல இரும்பு எங்க கெடைக்கும் மச்சான்?” என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. “அப்பா, நேத்து நீங்கதான...” என்று ஆரம்பித்தேன். அம்மா தொடையில் கிள்ளி, மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள்.

பட்டையை வைத்தே டிரெய்லருக்குச் சட்டம் அடித்தார்கள். மாமா இரண்டு நாள் தங்கினார். அம்மா கறிக்குழம்பு வைத்தாள், சத்தம் போட்டுச் சிரித்தாள். மாமா போன பிறகு அப்பா இரண்டே மூட்டை ஏற்றி, நடக்கிற வேகத்தில் வண்டியை இறக்கினார். இரண்டாவது வளைவில் டணார் என்று ஒரு சத்தம். வெல்டுக்குப் பக்கத்திலேயே பட்டை முறிந்து, ஒரு மூட்டை பள்ளத்துக்குப் போனது. அப்பா கோபப்படவே இல்லை. பட்டறைக்குப் போய்ச் சதுரக் குழாயிலேயே புதுச்சட்டம் செய்தார். முறியாத பட்டைகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் போல்ட்டு போட்டு மாட்டினார். அவை எதையும் தாங்கவில்லை, சும்மா இருந்தன.

அடுத்த அறுவடைக்கு மாமா வந்தார். பட்டையைத் தட்டி, “எப்படி மாப்ள நம்ம இரும்பு?” என்றார்.

“அசையல மச்சான்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “பொய்! அது அன்னைக்கே ஒடஞ்சுபோச்சு மாமா. இப்பத் தாங்குறது நான் குதிச்ச குழாய்!”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மாமா குனிந்து அடியில் பார்த்தார். குழாயைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பட்டையில வெல்டு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா தாயி? முப்பது வருசமா அதுதான என் சோலி. மாப்ள மாத்திக்கிருவாருன்னு நெனச்சேன்” என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, “நாலு வருசம் கழிச்சு வெறுங்கையோட எப்படி ஆத்தா வர்றது?” என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்ன எனக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதவாத இரும்பென்று தெரிந்தே ஒருவர் சுமந்து வந்திருக்கிறார், தெரிந்தே ஒருவர் வாங்கியிருக்கிறார், அதற்கு ஒருத்தி அழுகிறாள். அந்த வீட்டில் இரும்பைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.