முருகன் கேட்காத காணிக்கை

1979 செப்டம்பர் 8, இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் கிடையாது. காலையில் பால் பூத்துக்குப் போய்வந்து, இட்லிக்கு ஊறப்போட்டு, என் கணவரின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். பத்து மணிக்கு டில்லி கிட்வாய் நகர் சமூகக் கூடத்தில் பரதநாட்டிய வகுப்பு. நாற்பதைத் தாண்டியபின் ஆடக் கற்றுக்கொள்ள வந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பெண்கள். அரங்கேற்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. வாரம் முழுவதும் கோப்புகளின் முன் குனிந்திருக்கும் உடம்புக்கு அந்த ஒரு மணி நேரம் சந்தோஷம். அவ்வளவுதான்.

அன்று குதித்துமெட்டு அடவு. குதித்து இறங்கிய நொடியில் யாரோ கட்டையால் இடது குதிகாலுக்கு மேலே ஓங்கி அடித்ததுபோல் இருந்தது. யார் அடித்தது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. அப்படியே விழுந்தேன்.

கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் தசைநார் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். முழங்கால்வரை மாவுக்கட்டு போட்டார். சேராவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் நடையில் நொண்டல் தங்கலாம் என்றார்.

அன்று பிடித்தது பயம். டில்லி பஸ் நிற்பதில்லை. வேகத்தைக் குறைக்கும், நாம்தான் ஓடித் தாவ வேண்டும். தாவ முடியாதவள் வேலைக்கு எப்படிப் போவாள்? கட்டிலில் கிடந்தபடி, அலமாரியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்து அழுதேன். "முருகா, காலைக் கொடு. ஆட்டத்தை உனக்கு விட்டுவிடுகிறேன். இனிச் சலங்கையைத் தொடமாட்டேன்." காசிக்குப் போனவர்கள் பிடித்த காயை விட்டு வருவதுபோல் விட்டேன்.

கட்டைப் பிரித்தபோது கால் சூம்பிப்போயிருந்தது. டாக்டர் கெண்டைக்காலை அழுத்தினார். பாதம் அசைந்தது. தசைநார் சேர்ந்துவிட்டது, கத்தி வேண்டாம் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். முருகன் கேட்டுவிட்டான்.

ஆனால் பயம் போகவில்லை. ஈரத் தரையைக் கண்டால் உடம்பு விறைத்தது. வீட்டுக்குள்ளும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். ஜனவரியில் டாக்டர், கால் தேறிவிட்டது, மெதுவாக ஆடவும் தொடங்கலாம் என்றார். அந்த வாரமே நாட்டிய ஆசிரியை வீட்டுக்கு வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"அக்கா, எப்ப வர்றீங்க?"

வேண்டுதலைச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "முருகன் இவகிட்ட ஆட்டத்தைக் கேட்டாராக்கும். தானா குடுத்துட்டு, இப்ப அவர் மேல பழியப் போடுறா."

எனக்குக் கோபம் வந்தது. வாக்கை மீறினால் கொடுத்த காலை அவன் திரும்ப எடுத்துக்கொள்வானோ என்று நடுங்கினேன். கடைசியில், பூப்போட்டு அவனிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

தைப்பூசத்தன்று சாயங்காலம் வெள்ளைச் செவ்வந்தியை ஒரு தாளிலும் சிவப்பு ரோஜாவை இன்னொரு தாளிலும் ஒரே மாதிரி மடித்துப் படத்தின் முன் வைத்தேன். வெள்ளை வந்தால் ஆடலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் எடுக்கப் பக்கத்து வீட்டு நாலு வயதுக் குழந்தையைக் கூப்பிட்டேன். டில்லியில் பிறந்தது, தமிழ் பாதிதான் வரும். இரண்டின் மேலும் மாறி மாறி விரலை வைத்து, "ஆன்ட்டி, யே வாலா? இதுவா?" என்று என்னையே கேட்டது.

அப்போது என் மனம், சிவப்பு வரட்டும், சிவப்பு வரட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. எனக்கே திக்கென்றது. சிவப்பு வந்தால் இனி நான் குதிக்க வேண்டாம். யாரும் கேட்கமாட்டார்கள். பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். என் பயத்தைத்தான் காணிக்கை என்று பெயர் சொல்லி இத்தனை நாள் அவன்முன் வைத்திருந்தேன்.

குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டியது. பிரித்தேன். வெள்ளை.

சந்தோஷம் வரவில்லை. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு லட்டு கொடுத்து அனுப்பினார். நான் படத்தின் முன் உட்கார்ந்தேன். "கால் கேட்டேன், கொடுத்தாய். பயம் விடவில்லை முருகா. நீ பக்கத்தில் நில்." இந்த முறை பதிலுக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. வெகு நாளுக்குப் பின் மூச்சு சீராக வந்தது.

இன்று வாரம் தவறாமல் வகுப்புக்குப் போகிறேன். பஸ்ஸையும் விடுவதில்லை, "பையா, ரோக்கோ" என்று சத்தம் போட்டு நிறுத்தித்தான் ஏறுகிறேன். பயம் இப்போதும் சில நாள் வந்து நிற்கும். வந்தால் அவனைக் கூப்பிடுகிறேன். அவன் வராத நாள் இல்லை. நோயிலும் கவலையிலும் இதைப் படிக்கிறவர்களே, அவனோடு பேரம் பேசாதீர்கள். நடுங்கிக்கொண்டே கேட்டாலும் கேளுங்கள். அவன் காதில் விழும்.

பூ எடுத்த மறுநாள் காலை, குளித்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், ஸ்வெட்டரோடு அவன்முன் நின்றேன். தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டது. பூமியைத் தொட்டுக் கும்பிட்டு, அரைமண்டியில் இறங்கி, இடது காலைத் தூக்கித் தட்டினேன்.