எட்டு டேக்சா

அறுநூறு பேர் என்று எழுதியது நான்தான். யார்மேலும் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

நான் குடியிருக்கிற சாரம் பகுதியிலேயே ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எங்கோ ஒரு நாட்டில் போர். அங்கே ட்ரோன் எடுத்த படங்கள் எங்கள் கணினிக்கு வரும். லாரி, கூடாரம், பதுங்குகுழி எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் குறிக்க வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்: எதிரிப் படையில் எத்தனை பேர்? சேர்ந்த அன்றே மேலாளரிடம் கேட்டேன்.

"எதிரின்னா யாருக்கு சார் எதிரி?"

"க்ளையண்ட்டுக்கு எதிரி. உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?"

எனக்கெதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். ஏசி அறை, வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். அதற்கு முன் சேதராப்பட்டு கம்பெனிக்கு பஸ்ஸில் நின்றபடியே போய்வந்து இடுப்பு ஒடிந்தவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

அந்த வேலையில் நான் கெட்டி. காரணம் என்னைப் பெற்ற அத்தா. கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்குகிறவர். அடுப்பில் எத்தனை டேக்சா ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெரிய பாத்திரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். மற்றவர்கள் கூடாரத்தை எண்ணிக்கொண்டிருக்க, நான் சமையல் நடக்கிற இடத்தைத் தேடுவேன். கூடாரத்தைத் தழை போட்டு மறைக்கலாம், அடுப்புப் புகையை மறைக்க முடியுமா? என் கணக்கு ரெண்டு மூணு தடவை சரியாக இருந்ததாம். "பிரியாணி மூளைடா இது!" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். வெட்கங்கெட்டுப் போய் நானும் சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் படம் வந்தது. சுற்றுச்சுவர், உள்ளே பாதி இடத்துக்குத் துணிப்பந்தல், வெளியே மூன்று லாரி. சுவரோரம் அடுப்புகளில் எட்டு டேக்சா. ஒன்றுக்கு எழுபத்தைந்து பேர். அறுநூறு என்று தட்டி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து அதே படத்தை மறுபடி திறந்தேன். சந்தேகத்தில் இல்லை, பெருமையில். என் சாமர்த்தியத்தை நானே பார்த்து ரசிக்க வேண்டாமா! பெரிதாக்கியபோதுதான் பந்தலுக்கு வெளியே தரையில் நீளமாகத் துணி விரித்திருப்பது தெரிந்தது. துணிமேல் வரிசையாகப் பெரிய பெரிய தட்டுகள். எங்கள் விருந்துகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம், சஹன் என்போம். அது மாதிரியே. பட்டாளத்துக்காரன் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பான், துணி விரித்து விருந்தா வைப்பான்? நடுவில் திரை கட்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கமும் தட்டுகள். அது பெண்கள் பக்கம்.

அடிப்பாவி! கல்யாணச் சோற்றில் வளர்ந்தவளுக்குக் கல்யாண வீடு தெரியவில்லை. மேலாளரிடம் ஓடினேன்.

"சார், அது படையில்ல, விருந்து. பொம்பளைங்க, புள்ளைங்கல்லாம் இருப்பாங்க. மாத்தணும் சார்."

"அனுப்பியாச்சேம்மா."

"தப்புன்னு ஒரு மெயில் போடுங்க."

"நாமளே தப்புன்னு சொன்னா காண்ட்ராக்ட் போயிடும். நாப்பது பேர் வேல பாக்குறாங்க இங்க. உன் ஒரு நம்பர வச்சா குண்டு போடப் போறான்? போய் உக்காரு."

"உங்க வூட்டுக் கல்யாணமா இருந்தா இப்டி பேசுவீங்களா?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நாற்பது பேரில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் மட்டும், "வுடுக்கா, நமக்கெதுக்கு" என்றாள். நான் போய் உட்கார்ந்தேன்.

அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? படங்களை அனுப்புகிறவர்களின் மெயில் முகவரி என் திரையின் மூலையிலேயே இருந்தது. இரண்டு வரி நானே எழுதியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று பயந்தேன். சாயங்காலம்வரை உட்கார்ந்து வேறொரு ஊரின் லாரிகளுக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷி.

திங்கட்கிழமை அதே இடத்தின் புதுப் படம் எனக்கே வந்தது. பந்தல் இல்லை. சுவர் பாதி இல்லை. டேக்சாக்களில் மூன்று கவிழ்ந்து கிடந்தன, மீதி ஐந்தைக் காணோம். திரை இருந்த இடம் கரியாக இருந்தது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு தட்டுகூடக் கண்ணில் படவில்லை.

கீழே வழக்கமான கேள்வி: எதிரிப் படையில் இப்போது எத்தனை பேர்? பதில் போடாமல் அடுத்த படம் திறக்காது. அவர்கள் எதிரியில்லை என்று எழுத அங்கே இடம் கிடையாது, எண் மட்டும்தான் போடலாம்.

பூஜ்ஜியம் போட்டேன். சரி என்று பச்சை விழுந்தது.