என் கவனக்குறைவால்

ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று என்னைக் கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன். ஒன்பதாம் வகுப்பு முழுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றைத்தான். அதற்கு லெட்டர் ரைட்டிங் என்று கௌரவமான பெயர் வேறு.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் பம்பாய் தாராவியில், கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பரேலில் ஒரு நூல் மில்லில் வேலை. எனக்கு மாட்டுங்காவில் பள்ளிக்கூடம். தாராவியிலிருந்து அங்கே படிக்கப் போன பெண்கள் எங்கள் வகுப்பில் இரண்டே பேர். மற்றவர்களின் அப்பாக்கள் எல்லாரும் ஆபீஸ் போகிறவர்கள்; அவர்கள் வீட்டு மேஜையில் டைப் அடித்த கடிதங்கள் கிடக்கும். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் நீல நிற இன்லண்டு. கர்த்தருடைய கிருபையால் நலம் என்று ஆரம்பித்து, யாருக்கோ காய்ச்சல் என்று முடியும்.

எங்கள் இங்கிலீஷ் சார் ஐந்து மாதிரிக் கடிதங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். பரீட்சையில் என்ன கேட்டாலும் அந்த ஐந்தில் ஒன்றை எடுத்து, காரணத்தை மட்டும் மாற்றி எழுதிவிடலாம் என்பது அவர் கணக்கு. பள்ளிக்குத் தாமதமாக வந்தது, லீவு சொல்லாமல் நின்றது, லைப்ரரிப் புத்தகத்தைத் தொலைத்தது, ஜன்னல் கண்ணாடியை உடைத்தது, ஃபீஸ் கட்ட மறந்தது. ஐந்தும் ஹெட்மாஸ்டருக்கு. ஐந்திலும் எழுதுகிறவள்தான் குற்றவாளி.

"மேலிடத்துக்கு எழுதறச்சே மொதல்ல நம்ம தப்ப ஒத்துண்டுடணும். அதுக்கப்பறம் எது வேணும்னாலும் கேக்கலாம். அதான் மரியாதை," என்பார் சார்.

அதனால் எல்லாக் கடிதத்திலும் இரண்டாவது பத்தி ஒன்றுதான். இது முழுவதும் என் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது, அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன். அந்த வாக்கியத்தை நான் எழுதிய அழகைப் பார்த்துச் சிவப்பு மையில் 'குட்' போட்டு, வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினார். தாராவிக்காரி எழுதியதை மாட்டுங்காப் பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம்தான் அப்பாவின் வலது கை மெஷினில் மாட்டியது. இரண்டு விரல் போய்விட்டது. மீதி விரல்கள் மடங்கவில்லை. ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த பிறகு மில்லுக்குப் போனார். ஆபீஸில், நடந்தது என்ன, உனக்கு என்ன வேண்டும், இரண்டையும் இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவா, பார்க்கிறோம் என்றார்களாம். அப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கேட்டிலோ கோடவுனிலோ, ஒரு கையால் செய்யக்கூடிய ஏதாவது ஒரு வேலை. அது கிடைக்காவிட்டால் எங்கள் ஐந்து பேர் வயிற்றுக்கும் வழி கிடையாது.

"ஏட்டி, காயிதத்த எடு. நான் சொல்லுதத எழுது," என்றார் அப்பா. "சக்கரத்துக்கு மேல ஒரு தகர மூடி உண்டு. அதக் கழட்டி ரெண்டு மாசம் ஆச்சு. திருப்பி மாட்டவே இல்ல. எங்க மேஸ்திரி, அந்த ஜாபர்ட்ட மூணு தடவ சொன்னேன். 'கல் தேக்கேங்கே, நாளைக்குப் பாக்கலாம்'னே நாளக் கடத்துனான். மூடி இருந்திருந்தா என் கை போயிருக்காது. இத எழுது மொதல்ல."

நான் தலையை ஆட்டினேன். பேனாவை எடுத்தேன். வலது மூலையில் முகவரி, கீழே தேதி, ரெஸ்பெக்டட் சார். முதல் பத்தி தானாக வந்தது. இரண்டாவது பத்திக்கு வந்தபோது மூடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த இடத்தில்தான் ஏற்கெனவே ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறதே! மேலும், வேலை வாங்கும் ஜாபர் மேல் கோள் சொன்னால் மேனேஜர் சாகிபுக்குக் கோபம் வராதா? பணிவாகக் கேட்டால் மனசு இரங்கும். பெரிய மேதாவி நான்! 'என் சொந்தக் கவனக்குறைவால்' என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதி முடித்தேன்.

"மூடி விஷயத்த எழுதுனியா?" என்று கேட்டார் அப்பா.

"எல்லாம் எழுதியிருக்கேம்ப்பா," என்றேன்.

பச்சைப் பொய். ஏன் சொன்னேன் என்பதை இப்போதாவது மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிதம் அவ்வளவு அழகாக இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்பா இடது கையில் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தடித்த உறை, மேலே மில்லின் பெயர், சீராக டைப் அடித்த முகவரி. அப்பா அதை உறை பிரிக்காமல் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். நான் வாசித்தேன். விபத்து தங்கள் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்று தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், இதில் மில்லுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. கவனக்குறைவான ஒருவரை வேறு எந்தப் பகுதியிலும் வைத்துக்கொள்ள இயலாது. என் வாக்கியம், 'என்' மட்டும் 'தங்கள்' ஆகி, அப்படியே!

"வேலை இல்லன்னு எழுதியிருக்காங்க," என்று மட்டும் சொன்னேன்.

"மூடியப் பத்தி என்ன சொல்லுதாவ?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

மறுநாள் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். இதை மாற்ற ஏதாவது வழி சொல்வார் என்று நம்பினேன். நான் எழுதியதையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேனேஜரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நன்னா எழுதியிருக்கான். ஒரு வார்த்தை கூடக் கொறைய இல்லே," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் பரீட்சைக்குத்தானே சொல்லிக்கொடுத்தேன்? நெஜ லெட்டர்ல யாராவது இப்படி எழுதுவாளோ, அசடு!"

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நிஜக் கடிதம் என்று வேறொன்று இருக்கிறது என்பதை எந்தப் பீரியடில் சொன்னார் அந்த மனுஷன்? மாட்டுங்காப் பெண்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர்கள் அப்பாக்கள் அதைத்தான் நாள் முழுக்க எழுதினார்கள். எங்களுக்கு யார் சொல்வது? அசடாம். தெருவெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை எழுதவில்லை என்பதையும், எதை எழுதினேன் என்பதையும். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"என் தப்புன்னு நான் ஒன்ட்ட சொன்னேனா?"

"இல்லப்பா."

"பின்ன எங்கருந்து வந்துது அது?"

"பாடத்துல இருந்துதுப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் பாயை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"சரி, இன்னொண்ணு எழுது. இந்தத் தடவ நான் சொல்லுதத மட்டும் எழுது. மூடி இல்லாத மெஷின ஓட்டச் சொன்னது நீங்க. மூணு தடவ சொன்னேன், காதுலயே போட்டுக்கிடல. தப்பு ஒங்களுது. அவ்வளவுதான். எழுது."

எழுத உட்கார்ந்தேன். முகவரி எழுதினேன். தேதி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. வார்த்தைகள் தெரியாமல் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் ஒரு சாகிபைப் பார்த்து, தப்பு உன்னுடையது என்று சொல்கிற கடிதத்தை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அதில் ரெஸ்பெக்டட் சார் போடலாமா? தப்பு உங்களுடையது என்று எழுதிவிட்டு, அடியில் தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று முடிக்க முடியுமா? எழுதினேன், அடித்தேன். ஒவ்வொரு தடவையும் வருந்துகிறேன், மன்னிக்கவும் என்றுதான் வந்தது. நான்கு தாள் கிழித்தேன். அப்பா அத்தனை நேரமும் அசையாமல் உட்கார்ந்து, என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையை நீட்டி, தாளை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"விடுட்டி," என்றார். "ஒனக்கு அவ்வளவுதான் சொல்லிக் குடுத்திருக்காவ."