உப்பில் சுருங்கிய கலங்கள்

என் இடது கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளையாக ஒரு படை இருந்தது. எப்போது வந்தது என்று தெரியாது. மிளகாய் பட்டால் எரிந்தது. முகம் வழிக்கும் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். பாலாடை ஒட்டிக்கொண்டது போலிருந்தது. விரலால் தேய்த்தேன், போகவில்லை.

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்ற காலத்தில் தொடங்கிய பழக்கம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மடித்து இடது கன்னத்தில் அடக்கிவிட்டால் மத்தியானச் சோறு பிந்தினாலும் பசி தெரியாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சண்டைக்காலத்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது எனக்கு மட்டும் தனியாகப் பள்ளிக்கூடம் நடக்குமா? அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் தங்கியதில்லை. இறால் பண்ணை, அரிசி ஆலை, கொஞ்சக் காலம் கட்டார், கடைசியாக நெல் வேளாண்மை வெட்டும் மெசினோடு போகத்துக்குப் போகம் ஒவ்வொரு மாவட்டம். கட்டாரிலும் வெற்றிலையை ஒளித்து வைத்துப் போட்டேன்.

மட்டக்களப்பு நகரத்தில் தனியாகப் பார்க்கும் பல் வைத்தியர் ஒருவரிடம் போனேன். விளக்கை அடித்துப் பார்த்தார். கன்னத்தை விரலால் அமத்திப் பார்த்தார். சின்னத் துண்டொன்று வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

"புத்துநோயா டொக்டர்?"

"பாத்தாத்தான் சொல்லலாம்."

அந்த வசனத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் சரியாகக் காதில் ஏறவில்லை. இன்றைக்கே சோதனை செய்யும் லாப்பில் கொடுத்துவிட வேண்டும், போத்தலில் இருக்கும் மருந்துத் தண்ணீர் குறையக் கூடாது என்று அவர் சொன்னதாக இப்போது நினைக்கிறேன். அப்போது என் மனதில் ஓடியது வேறு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: இந்த நோயில் கத்தி படக்கூடாது, பட்டால் பரவும். நான் அதை யோசித்து முடிப்பதற்குள் விறைப்பூசி போட்டு, வெட்டி, நூலால் தைத்து, சின்னப் பிளாஸ்டிக் போத்தலொன்றைக் கையில் தந்துவிட்டார்கள்.

லாப்புக்குப் போனால் பூட்டியிருந்தது. மறுநாள் பௌர்ணமி, பொயா விடுமுறை என்பதால் நேரத்தோடு மூடிவிட்டார்கள். போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு வாவிக்கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். எனக்கென்று வீடு இல்லை. ஊரில் நிற்கும் நாட்களில் அவள் வீட்டு விறாந்தைதான். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இறங்கியபோது பை நனைந்திருந்தது. கண்ணை எரிக்கிற மணம். மூடி இளகி, மருந்துத் தண்ணீர் முழுவதும் பைக்குள் இருந்த சாரத்திலும் துவாயிலும் ஊறிவிட்டது. போத்தலின் அடியில் அந்தத் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அக்கா கருவாடு போடுகிறவள். வாவியில் பிடிக்கும் மீனைக் கரையிலேயே வாங்கி, கீறி, உப்பிட்டுக் காய வைத்துச் சந்தைக்குக் கொடுப்பாள். போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? கூனி இறால் அளவும் இல்ல. இதுக்கா செத்தவன்ட முகத்தோட வந்து நிக்கிறாய்?"

"மருந்து ஊத்துண்டு போச்சு அக்கா."

"நாளைக்குப் பொயா. நாளையிண்டைக்கு நீ கொண்டு போறதுக்கிடையில நாறிப்போயிரும் மனே."

"ஐஸ்ல வைப்பமா?"

"ஐஸ் கரைஞ்சா தண்ணிதானே. மீன் கெடுறதே அந்தத் தண்ணியிலதான். உப்புப் போடுவம். என்ட கையால உப்புப் பட்ட மீன் இண்டைக்கு வரைக்கும் புழுத்ததில்ல."

எனக்கும் அது சரியாகவே பட்டது. அவள் அதை அசட்டையாகச் செய்யவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, துணியில் வடித்தாள். மீனுக்குப் போடும் உப்பை விட்டுவிட்டு, சமையலுக்கு வைத்திருந்த வெள்ளை உப்பை எடுத்தாள். இனிக் கரையாது என்று அடியில் தங்கும் வரைக்கும் போட்டுக் கலக்கி, போத்தலின் கழுத்து வரை ஊற்றி, மூடியை இறுக்கி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். பொயா நாள் முழுவதும் அது அங்கேயே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டேன்.

லாப்பில் போத்தலை வாங்கியவள் முக்காடு போட்ட இளம்பெண், காத்தான்குடிக்காரி. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டு போனாள்.

"அண்ணன், இதுக்குள்ள என்ன ஊத்தின நீங்க?"

"உப்புத் தண்ணி."

"ஆரு ஊத்தச் சொன்ன?"

"அக்கா."

"அக்கா என்ன, டொக்டரா?"

"கருவாடு போடுறவ."

முகக்கவசத்துக்குள் அவள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "எப்ப ஊத்தின?" என்று கேட்டாள். பொயாவுக்கு முதல் நாள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "செஞ்சு பாப்பம். ஆனா பெருசா நம்பிக்கை வைக்காதீங்க" என்றாள்.

அவள் சொன்னது அந்தத் துண்டைப் பற்றி. நான் எடுத்துக்கொண்டது என்னைப் பற்றி. அறிக்கை வரும் வரைக்கும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே திரிந்தேன். விறாந்தையில் உட்கார முடியவில்லை. வாவிக்கரை நெடுக நடந்தேன். தெரிந்தவர்களைக் கண்டால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். வெற்றிலை போடவில்லை. போடாததால் கையும் வாயும் என்னவோ போலிருந்தன.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. லாப்புக்காரியே வாசித்துச் சொன்னாள்.

"பாக்க ஏலாது எண்டுதான் போட்டிருக்காங்க. திரும்ப ஒரு துண்டு எடுக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. "வருசக்கணக்கா மீனைக் காப்பாத்துற உப்பு, இதை ரெண்டு நாளைக்குக் காப்பாத்தாதா?"

"கருவாடு தின்றதுக்கு, அண்ணன். இது பாக்கிறதுக்கு."

வேறு யாரும் வரிசையில் இல்லை. என் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, உள்ளே கூப்பிட்டு நுணுக்குக்காட்டியின் முன்னால் இருத்தினாள். படிக்க வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த கண்ணாடித் தட்டை முதலில் வைத்தாள். நல்ல கன்னத்தின் துண்டு, யாருடையதோ.

ரோசா நிறத்தில் ஒரு வட்டை தெரிந்தது. வயல்களின் பெரும் பரப்பை நாங்கள் வட்டை என்போம். உயரத்தில் நின்று பார்ப்பது போல, அடுத்தடுத்து வயல் துண்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வரம்பு, ஒவ்வொன்றின் நடுவிலும் காவல் குடிசை போல ஊதாப் பொட்டு.

கண்டதை அப்படியே அவளிடம் சொன்னேன். "ஒவ்வொரு துண்டும் ஒரு கலம், செல் எண்டு சொல்றது" என்றாள். "நீங்க வரம்பு எண்டு சொல்றீங்களே, அது மென்சவ்வு. வேணுங்கிறத உள்ள விடும், வேணாததை வெளிய தள்ளும். உள்ள கூழ் மாதிரி இரிக்கிறதிலதான் வேலையெல்லாம் நடக்கும். சாப்பாட்டுல வாற சத்தை எரிச்சுப் பலமாக்கிறதும் அங்கதான். நடுவில ஊதாவா இருக்கிறது கரு. என்ன வேலை செய்யணும், எப்பப் பிரியணும், எல்லாம் அதுக்குள்ள."

"பிரியிறதெண்டா?"

தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். அடி வரிசையில் ஒரு கலத்தில் ஊதாப் பொட்டு இல்லை. அதற்குப் பதிலாகக் கறுத்த நூல் கற்றைகள் இரண்டு, ஒன்றையொன்று விட்டு எதிரெதிர்ப் பக்கம் போவது போல நின்றன.

"இது பிரியிற நேரத்தில பிடிபட்டது. கருவுக்குள்ள இருக்கிறதை முதல்ல அப்படியே இன்னொரு பிரதி எடுக்கும். ரெண்டையும் ரெண்டு பக்கமா இழுக்கும். மறுகா நடுவில ஒடுங்கி ரெண்டு கலமாப் போயிரும். அடி வரிசைதான் பிரியும். புதுசு பழசை மேல தள்ளும். மேல வந்தது தேஞ்சு உதிரும், நீங்க சோத்தோட விழுங்கிருவீங்க. சுண்ணாம்பும் புகையிலையும் ஒரே இடத்தில கிடந்து அரிச்சா, அந்தப் புண்ணை ஆத்துறதுக்கு இதுகள் ஓயாமப் பிரியணும். ஓயாமப் பிரிஞ்சா பிரதி எடுக்கிறதில பிழை விடும்."

பிறகு என்னுடையதை வைத்தாள். மழை பொய்த்த ஆண்டொன்றில் பொலநறுவைப் பக்கம் பார்த்த வயல்கள் போலிருந்தது. வரம்புகள் நெளிந்து, துண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, இடையில் வெறும் வெள்ளை. ஊதாப் பொட்டுகள் கரியைத் தேய்த்து இழுத்த மாதிரிக் கிடந்தன. வெளியே உப்புக் கூடினால் கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் மென்சவ்வைக் கடந்து வெளியே வந்துவிடும், கலம் வற்றிச் சுருங்கும் என்றாள். மீன் உப்பில் தண்ணீர் விடுவதை நான் பிறந்த நாள் முதல் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் எதற்குள் இருந்து வருகிறது என்று கேட்டதில்லை.

"அப்ப இது நல்லதா, கெட்டதா?"

"கெட்டதெண்டா கருவெல்லாம் பெருத்து, ஒண்டைப் போல ஒண்டு இல்லாம இருக்கும். மேல் வரிசையிலயும் பிரிஞ்சுகொண்டு நிக்கும். இதில கரு இருந்த இடமே தெரியல்லயே." பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க அண்ணன், போத்தல்ல இருந்ததுதான் செத்தது. மிச்சம் வாய்க்குள்ள உசிரோட இரிக்கிதானே" என்றாள்.

அந்த ஆறுதல்தான் என்னை ஆட்டி வைத்தது. உயிரோடு இருக்கிறது. அப்படியானால் இப்போதும் பிரிகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரிகிறது. கடையில் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒன்று இரண்டாகியிருக்கும், இரண்டில் ஒன்று பிழையான பிரதியாக இருக்கும், அந்தப் பிழை தன்னைத் தானே பிரதி எடுக்கும். யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதும் ஒரு காது உள்ளேயே இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். மீன் கீறிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான்தான் கெடுத்துப்போட்டன்."

"ரெண்டு பேரும்தான்."

"மறுகா ஒருக்கா வெட்ட விடமாட்டன். ஒருக்காக் கத்தி பட்டதே போதும். அங்கால வீட்டுக்காரி சொல்றா, அவட மச்சானுக்கு ரெண்டாவது தரம் வெட்டித்தான் கழுத்துக்கு இறங்கினதாம்."

"வெட்டினதால இறங்கினதா, இறங்கினதால வெட்டினதா?"

"எனக்கு உன்ட ஞாயம் வேணாம். களுதாவளைப் பிள்ளையாருக்கு நேந்திருக்கிறன். பேசாம இரு."

அவளை மறுத்துச் சொல்ல என்னிடமும் துணிவில்லை. இரண்டாம் தரம் வெட்டினால் இந்தத் தடவை பதில் வந்துவிடும். அதுதான் உண்மையான பயம். அந்த நேரத்தில் வெட்டு மெசின்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்பாறைப் பக்கம் வெட்டுத் தொடங்குகிறது, உடனே வா என்றார். வாறன் என்றேன். எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். இடம் பிடிக்காவிட்டால் பையைத் தூக்குவது.

மறுநாள் விடியும் வெள்ளாப்பில் பையோடு சந்திக்கு வந்தேன். பழக்கத்தில் பெட்டிக்கடையில் ஒரு வாய் வெற்றிலை வாங்கினேன். மடித்த வெற்றிலை கையில் இருக்கிறது, கன்னத்துக்குக் கொண்டு போக முடியவில்லை. அடி வரிசை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அம்பாறையில் வெட்டு முடியும் வரைக்கும் என் வாயை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. நான் எங்கே போனாலும் அது டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்து, வழியெல்லாம் பிரிந்துகொண்டிருக்கும். நகரத்துக்குப் போகும் பஸ் வந்தபோது ஏறிவிட்டேன். வெற்றிலையை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. பஸ்ஸிலிருந்து அக்காவுக்கு மட்டும் தொலைபேசியில், திரும்ப வெட்டப் போகிறேன் என்று சொன்னேன். அவள் இடையிலேயே அழைப்பை வெட்டிவிட்டாள்.

பல் வைத்தியர் திட்டவில்லை. பழைய வெட்டுக்குப் பக்கத்தில் வெட்டினார். விறைப்பு முழுதாகப் பிடிக்கும் முன்பே கத்தி இறங்கியது போலிருந்தது. அது என் பயமாகவும் இருக்கலாம். வெளியே வந்தால் வாங்குப் பலகையில் அக்கா. தலை சீவவில்லை, சேலையில் மீன் செதில். என் கையிலிருந்து போத்தலை வாங்கி, மூடியை இன்னும் ஒருமுறை முறுக்கி, நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தாள். முச்சக்கரவண்டிக்காரரிடம், "பள்ளம் பாத்து மெல்லப் போ மனே" என்றாள்.

"என்னக்கா, கோயிலுக்கு நெய்யா?"

"உன்ட வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டு."

லாப்பில் அந்தப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்தாள். கண் எரிந்து தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "இண்டைக்குச் சரி" என்றாள். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அறிக்கை வந்த அன்று பல் வைத்தியர் அதை மெதுவாக விளங்கப்படுத்தினார். புற்றுநோய் இல்லை. ஆனால் அடி வரிசைக் கலங்கள் ஒழுங்கு குலையத் தொடங்கியிருக்கின்றன. சிலவற்றின் கரு பெருத்திருக்கிறது. அந்த வரிசைக்கு அடியில் இருக்கும் அடிச்சவ்வைக் கடந்து கீழே இறங்கவில்லை. வெற்றிலையை அடியோடு விட்டால் திரும்பவும் ஒழுங்காகலாம். ஆகாமலும் போகலாம். அதனால் அவர் சொல்லும் தவணைக்கெல்லாம் வந்து காட்ட வேண்டும்.

"எவ்வளவு காலத்துக்கு டொக்டர்?"

"உங்களுக்கு வாய் இருக்கிற காலம் வரைக்கும்."

வீட்டில் அக்கா கேட்டாள்: "இல்லையாமா?"

"இப்ப இல்லையாம்."

"இப்ப எண்டா?"

டொக்டர் தந்த தவணை நாளைச் சொன்னேன். அவள் அடுப்புக்குத் திரும்பினாள். அன்றைக்குக் கறிக்கு மிளகாய் குறைவாகப் போட்டிருந்தாள்.

மெசின்காரருக்கு நானே எடுத்தேன். வராமல் விட்டதற்கு ஏச்சை வாங்கிக்கொண்டு, இப்போது வரலாமா என்று கேட்டேன். ஆள் தேவைதான், வா என்றார்.

"வாறன் அண்ணன். ஆனா தவணைக்கு ஒருக்கா மட்டக்களப்புக்கு வந்து போகோணும். கட்டாயம் விடோணும்."

"என்னடா, புதுசா? நிண்ட இடத்தில நிக்காதவன் நீ. பொம்புள பாத்திட்டியா?"

"இல்ல. வாயைக் காட்டோணும்."

"உன்ட வாயை ஆருடா பாக்கிற?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தவணை நாளைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்த பிறகு இன்னொரு தரம் சொன்னேன்.