அரோகரா போட்டு இறங்கிய கார்

நாங்கள் நான்கு பேரும் ஒரே பைக்கில் தொற்றிக்கொண்டு போவதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் கேலி பேசிய காலத்தில்தான், எங்கள் அப்பா, அதாவது நைனா, ஆந்திராவில் நகரிப் பக்கம் போய் ஒரு வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கே.ஜி.கண்டிகையில் எங்கள் தெருவே கூடிவிட்டது. ஆந்திரா நம்பர், ஒரு கதவு மட்டும் வேறு மாதிரி வெள்ளை, பின் சீட்டில் யாரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து உண்டாக்கிய பள்ளம். விலையைக் கேட்டவர்கள், இவ்வளவு மலிவா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நைனா அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருந்த மெக்கானிக் மட்டும் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார்.

"பிரேக் ரொம்ப ஆழமாப் போவுதுண்ணா. வண்டிய இங்கயே வுட்டுட்டுப் போ. கழட்டிப் பாத்துட்டுத் தரேன்."

"சாமிக்குக் காட்டாத வண்டி மேல ஸ்பானர் வெக்கிறதா? மொதல்ல மலைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றார் நைனா.

மெக்கானிக் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார். அவரால் மறுக்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்கினால்கூட முருகனுக்குக் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். திருத்தணி மலையைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு, கடவுளுக்கு முன்னால் மெக்கானிக்கிடம் போவதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்?

மலை ஏறும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை! மேலே குருக்கள் மாலை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அம்மா முன் சீட்டில் பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மகாராணியாக உட்கார்ந்தாள். தம்பியும் நானும் பின்னால். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இறக்கத்தில் முதல் வளைவைத் தாண்டியதும் நைனாவின் கால் தபதபவென்று மிதிக்கத் தொடங்கியது. கார் அதைச் சட்டை செய்யவே இல்லை. கியரை இழுத்துப் போட்டார். எஞ்சின் அலறியது. அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாததை அவர்கள் தெலுங்கில்தான் பேசுவார்கள். எங்களுக்கும் பாதி புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிடித்துக்கொள், விட்டுவிடாதே என்றார். பஞ்சாமிர்தத்தைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

டப்பா காலடியில் உருண்டது. அம்மா இரண்டு கைகளாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் கண்ண மூடிகினு அரோகரா சொல்லுங்க" என்றார் நைனா. "கீழ போற வரைக்கும் தொறக்கக் கூடாது. தொறந்தா பூஜ பலிக்காது."

மூடிக்கொண்டோம். தம்பி தொண்டை கிழியக் கத்தினான். ஹாரன் நிற்காமல் அடித்தது. ஏதோ கருகும் நாற்றம் வந்தது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து தம்பி மேல் விழுந்தேன். அடுத்த வளைவில் அவன் என் மேல் விழுந்தான். மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தேன். எதிரே ஒரு பஸ் மலையேறி வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் நைனாவின் கண்கள் என்னைப் பார்த்தன.

"மூடு!" என்று கத்தினார். அதுவரை அவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை.

பஸ்ஸின் இரைச்சல் காதை உரசிக்கொண்டு போனது. அப்புறம் பெரிய குலுக்கல். கண்ணைத் திறந்தபோது கார் அடிவாரத்தில் சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. மாலையைக் காணோம். நைனா இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

"நம்ம கத்துனது முருகனுக்குக் கேட்டுச்சு, இல்ல நைனா?" என்றான் தம்பி.

"ஆங், கேட்டுச்சுடா" என்றார்.

டிராக்டர் வைத்து இழுத்துப் போய் மெக்கானிக் கடையில் விட்டோம். பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததாம். சரி செய்த பிறகு அதே கார் எங்களிடம் பல வருடம் ஓடியது. ஆனால் நைனா அதை மலைமேல் ஏற்றவே இல்லை. கீழே நிறுத்திவிட்டுப் படியேறித்தான் போவார். கார் இருந்தும் நடந்து போகிற பக்திமான் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர் உண்டானது. அவரும் மறுத்துப் பேசவில்லை.

போன வருடம் நானும் ஒரு பழைய கார் வாங்கினேன். "மொதல்ல மெக்கானிக், அப்பறம் முருகன்" என்று நைனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சிரித்துவிட்டு, அன்றைக்கு எங்களை அரோகரா போட வைத்ததையும் ஒரு கண்ணைத் திறந்ததற்குத் திட்டு வாங்கியதையும் அம்மாவிடம் சொன்னேன். நாங்கள் பயப்படக் கூடாது என்றுதானே கண்ணை மூடச் சொன்னார் என்று கேட்டேன்.

"உங்களுக்காக இல்லடி" என்றாள் அம்மா. "கண்ணாடில உங்க ரெண்டு பேரு கண்ணும் தெரிஞ்சிகினே இருந்துதாம். அதப் பாத்தா கை ஒதறுது, ஸ்டியரிங் நிக்க மாட்டேங்குதுன்னு அன்னிக்கி ராத்திரி அழுதாரு."